ஒரே வீடு, இரண்டு ஷிப்ட்

தேர்வாய் கண்டிகையில் கூடிய கிறிஸ்தவத் தம்பதியரின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் கல்யாணமானவர்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று சபைகள் வேறு வேறு. தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கிறோம். சிலர் நிரந்தரம், பலர் கான்ட்ராக்ட். ஆண்களில் ரோலிங் மில்லுக்குப் போகிறவர்கள் உண்டு. பெண்களில் பேக்கிங், கேன்டீன், ஹவுஸ்கீப்பிங் என்று போகிறவர்கள் உண்டு. எங்களை ஒன்றாக உட்கார வைத்தது பக்தி மட்டும்தான் என்று சொன்னால் பொய். எல்லோர் வீட்டிலும் ஒரே குறை இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் விழித்திருக்கிற நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை.

சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடுவதற்காவது இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, சீட்டுப் பணம் தவறாமல் கட்டப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் கோயிலில் தலை காட்டுகிறார். பார்க்கிறவர்கள் நல்ல குடும்பம் என்கிறார்கள். உள்ளே இருவரும் ஒரே அறையை முறை வைத்து வாடகைக்கு எடுத்தவர்கள் போல ஆகிவிட்டார்கள். கேட்டால், "பழகிப்போச்சு." அப்படிப் பழகிப்போனதை எதிர்த்துத்தான் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கொள்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பீடத்தின் முன் சொன்ன சம்மதம் அன்றோடு முடிவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அன்பு ஆழப்பட வேண்டும். அது ஆழப்பட நேரம் வேண்டும். அந்த நேரம் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. அதை மூன்று பேரிடம் திரும்பக் கேட்கப் போகிறோம்: எங்களிடம், சபையிடம், கம்பெனியிடம்.

அந்த நேரம் எப்படிப் போனது? சிப்காட் வருவதற்கு முன் தேர்வாய் கண்டிகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் மேய்க்கால் நிலமும் காடும் இருந்தன. ஆடு மாடு மேய்ந்தது, அடுப்புக்கு விறகு வந்தது. அதைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது ஊர் சும்மா இருக்கவில்லை, திரண்டு நின்று போராடியது. நிலம் போனது, ஆலைகள் வந்தன. பிறகு 2020 நவம்பர் 21 அன்று கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. அரை டி.எம்.சி. கொள்ளளவு, சென்னையின் குடிநீருக்காக. வேலை வந்ததை நாங்கள் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் அதற்கு முன் கூலி குறைவு என்றாலும் இருவரும் ஒரே வரப்பில் நடந்தார்கள், ஒரே மரத்தடியில் கஞ்சி குடித்தார்கள். அது பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்போதும் குடி இருந்தது, அடி இருந்தது, பெண்கள் கடைசியில்தான் சாப்பிட்டார்கள். சேர்ந்து இருப்பதற்கென்று தனி முயற்சி மட்டும் தேவைப்படவில்லை. வேலையே இருவரையும் ஒரு இடத்தில் வைத்தது. இப்போது அதே வேலை பிரித்து வைக்கிறது.

ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரம் மாறி மாறி வருவது இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களில் ஒரு தம்பதியைச் சொல்கிறோம். அவர் சி ஷிப்ட், அதாவது ராத்திரி வேலை, முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஸ்டாப்பிலேயே அவர் மனைவி ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறார். நடுவில் பத்து நிமிடம் கிடைக்கும். வீட்டுச் சாவி கை மாறும். சின்னவனுக்கு இருமல் மருந்து எத்தனை மில்லி, கேஸ் புக் பண்ணியாயிற்றா, ரசம் எந்தச் சட்டியில் இருக்கிறது, எல்லாம் அதற்குள் முடியும். ஒரு நாள் அவர் மனைவி பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பி, "உங்க தாடி நரைச்சிருக்குதுங்க" என்றாராம். "எப்பலேர்ந்து?" என்று இவர் கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இதை எங்கள் கூட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பொருள் தேடிப் பிரிவதைச் சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் வைத்தார்கள். தலைவன் காடு கடந்து தூர தேசம் போவான், தலைவி சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுவாள். எங்கள் பாலையில் யாரும் ஊரை விட்டுப் போவதில்லை. ஒரே கூரை, ஒரே ரேஷன் கார்டு. திரும்பி வரும் நாள் என்று ஒன்று இருந்தால்தானே கோடு கிழிக்க முடியும்?

சபைகள் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். கல்யாணத்துக்கு முன்பு நிறையச் செய்தன. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்றார்கள். கத்தோலிக்கர்களைத் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தாலியில் சிலுவையா புறாவா என்பது வரைக்கும் விசாரித்தார்கள். இந்த அக்கறை பழையது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் போட்ட ஆணை, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, 108 இழைக் கயிறு கூடாது என்றது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் கடிகாரத்தையே காட்டியது: சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில்தான் கல்யாணம் நடத்தலாம். இழை எண்ணியாயிற்று, மணி பார்த்தாயிற்று. மறுநாளிலிருந்து? குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வரும் வரை யாரும் தேடுவதில்லை. அப்புறம் 25ஆம் வருஷம் மாலை போட்டு ஃபோட்டோ எடுப்பார்கள்.

நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1939இல் பாரிஸில் நான்கு தம்பதியர் தங்கள் இல்லறத்தை விசுவாசத்தின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஹென்றி கஃபரேல் என்ற குருவானவரோடு கூடினார்கள். அன்னை மரியாவின் பெயரில் உலகம் முழுவதும் பரவிய தம்பதியர் குழுக்கள் அங்கேதான் தொடங்கின. 1945இல் கஃபரேல் ஒரு கடமையை எழுதிவைத்தார்: மாதத்துக்கு ஒரு முறையாவது கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார வேண்டும். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னாரே, லூக்கா 14ஆம் அதிகாரத்தில், அதிலிருந்து எடுத்தது. பிறகு 1962இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் கபிரியேல் கால்வோ என்ற குருவானவர் 28 தம்பதியரை வைத்து ஒரு வார இறுதி முகாம் நடத்தினார். எழுதுவது, எழுதியதை மாற்றிக்கொண்டு படிப்பது, பேசுவது என்ற அந்த முறை தமிழ்நாடு வரை வந்திருக்கிறது. போய் வந்தவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தால்தானே போக முடியும். கான்ட்ராக்டில் இருப்பவருக்கு மூன்று நாள் லீவு என்றால் மூன்று நாள் சம்பளம் போகும். சில சமயம் வேலையே போகும். அதனால் அந்த மூன்று நாளை உடைத்துச் சில்லறையாக்கி எடுத்துக்கொண்டோம்.

வாரம் ஒரு மணி நேரம். அது இந்த இயக்கத்தின் முதல் ஒழுங்கு. போன் வேறு அறையில் இருக்க வேண்டும். வேறு அறை இல்லாதவர்கள் அரிசிப் பானைக்குள் வைக்கலாம். கடன், ஸ்கூல் ஃபீஸ், மாமியார் – இந்த மூன்று விஷயமும் அந்த ஒரு மணிக்குள் வரக் கூடாது. அவற்றைப் பேச வேறு நேரம் தானாகவே கிடைக்கும், கவலை வேண்டாம். முதலில் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் ஆண்டவர் முன்னிலையில் உட்காருவது. பிறகு ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது. இந்த வாரம் எதற்குப் பயந்தேன், எங்கே அவமானப்பட்டேன், எப்போது உன்னை நினைத்தேன் என்று பேசலாம். எங்கள் ஆண்களுக்கு இதுதான் மலையாக இருந்தது. "என்னாத்த பேசறது, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று முதல் வாரத்திலேயே எழுந்து போனவர்கள் உண்டு. சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டைப் பெண்டாட்டி முன்னால் சொல்வது ஆம்பளைத்தனத்துக்குக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் திட்டு அவள் மேல் வேறு ரூபத்தில் இறங்குவதை மட்டும் பார்க்கத் தெரியாமல் இருந்தோம்.

அந்த ஒரு மணியும் கிடைக்காத வாரங்களுக்கு ஒரு நோட்டு. சாதாரண பள்ளிக்கூட நோட்டுதான், ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் நாலு வரி எழுதிவிட்டுப் படுப்பார். சாயங்காலம் வந்தவர் படித்துக் கீழே எழுதுவார். பால் கணக்கு அதில் எழுதக் கூடாது. எழுதியவர்கள் சம்மதித்ததால் ஒரு பக்கத்தை மட்டும் இங்கே சொல்கிறோம். அவர் எழுதியது: "நேத்து பக்கத்து மிஷின்ல ஒருத்தனுக்கு விரல் போயிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. நீ தூங்கினு இருந்த." அதற்குக் கீழே அவர் மனைவியின் கையெழுத்து: "எழுப்பி இருக்கலாம்." அவ்வளவுதான் அந்தப் பக்கம். எழுதப் பழக்கமில்லாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். 2015 அக்டோபர் 18 அன்று திருச்சபை ஒரு தம்பதியை ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது: பிரான்ஸின் அலென்சோன் நகரத்து லூயி மார்ட்டினும் செலியும், சிறுமலர் தெரேசாவின் அப்பா அம்மா. லூயிக்குக் கடிகாரத் தொழில், செலிக்கு லேஸ் பின்னும் தொழில். தொழிலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் செலி எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் அன்பைக் காகிதத்தில் காப்பாற்றியது இது முதல் தடவை இல்லை.

அடுத்தது செபம். இதில் எங்களுக்குள்ளேயே நிறைய விவாதம் நடந்தது. குடும்ப செபம் என்ற பெயரில் நடக்கும் ஒன்றை முதலில் ஒழிக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் காதில் விழுகிற மாதிரி, "ஆண்டவரே, இந்த மனுஷனுக்குப் புத்தியைக் கொடும்" என்பது. பதிலுக்கு அவர், "கர்த்தாவே, இவ வாய்க்கு ஒரு காவல் வையும்" என்பது. ஆண்டவரை நடுவில் நிறுத்தி வைத்துக் குத்திக் காட்டும் இந்த வழக்கத்தைச் செபம் என்று இயக்கம் ஒத்துக்கொள்ளாது. துணைவருக்காகச் செபிக்க வேண்டியதைத் தனியாகச் செபித்துக்கொள்ளலாம். சேர்ந்து செபிக்கும்போது நன்றி சொல்வதிலிருந்து தொடங்குவோம், அதுவும் பெயர் சொல்லி, காரணம் சொல்லி.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 7ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. செபத்துக்காகக்கூடக் கணவனும் மனைவியும் விலகி இருப்பது இருவர் சம்மதத்தோடும் கொஞ்ச காலத்துக்கும் மட்டும்தான் என்கிறார். ஆகவே முழு இரவு ஜெபம், உபவாசக் கூட்டம், யாத்திரை என எதற்கும் வீட்டில் கேட்காமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஆயர்களிடமும் பங்குத் தந்தையரிடமும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சபையில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். அந்த மாலையைத் தம்பதிகளுக்கு விட்டுக்கொடுங்கள். இதை முதலில் ஆதரித்தவர்கள் ஊழியக்காரர்களின் மனைவிமார் என்பதையும் பதிவு செய்கிறோம்.

ஒருவரை ஒருவர் நேசிக்க இயேசு எதற்கு என்று எங்கள் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களைவிட ஒற்றுமையாக வாழும் இந்துத் தம்பதிகள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. தொடர்ந்து நாலு நாள் நைட் ஷிப்ட் பார்த்தவரிடம் சொந்தமாக அன்பு கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். மிஞ்சாத நாளில் எங்கே போய் வாங்குவது? காட்டிக்கொடுக்கப்படப் போகிறோம் என்று தெரிந்த இரவில் துண்டைக் கட்டிக்கொண்டு, காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் சேர்த்துக் கழுவியவரிடம்தான் எங்களுக்குப் போகத் தெரியும். மன்னிப்பதை அவரிடம்தான் கற்றோம், இன்னும் கற்று முடிக்கவில்லை. நாள் முழுக்க சேஃப்டி ஷூவுக்குள் கிடந்த கால் எப்படி வெளுத்து ஊறியிருக்கும் என்று மனைவிகளுக்குத் தெரியும். நாள் முழுக்க நின்றே பேக்கிங் போட்டவளின் குதிகால் எப்படிக் கடுக்கும் என்று கணவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பெரிய வியாழன் அன்று கோயிலில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவும் சடங்கு முடிந்த பிறகு, இயக்கத்தார் வீடுகளில் இருவரும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

எங்களுக்கு முன்னோடித் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். அப்போஸ்தலர் பணி 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ரோமைவிட்டு யூதர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசன் உத்தரவு போட்டதால் ஊரை விட்டுக் கிளம்பி, கொரிந்துக்கு வந்து, கூடாரம் தைக்கும் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் ஒரே தொழில். பவுல் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளருக்கு இருவரும் சேர்ந்தே பாடம் எடுத்தார்கள். அவர்கள் வீட்டில் சபை கூடியது. ரோமையருக்கு எழுதும்போது பவுல் மனைவி பெயரைத்தான் முதலில் எழுதுகிறார். பிழைக்க வந்த ஊர், கைத்தொழில். இதில் எது எங்களுக்குப் புரியாதது?

இனி அடுத்ததைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு எத்தனை கல்யாணப் பிரசங்கம்! அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. சற்றுப் பின்னால் வரும் வசனம், கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல் கணவன் தன்னைக் கொடுக்கச் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் கணவன் மேல்தான் பாரம் அதிகம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் கணவனைவிடக் கெட்டிக்காரியான ஞானாம்பாளை ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள வைத்தார். நம் பிரசங்க பீடங்கள் இன்னும் ஞானாம்பாள் வரை வந்து சேரவில்லை.

அடி வாங்குவது சிலுவை சுமப்பது ஆகாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனிடம், "ஜெபம் பண்ணும்மா, ஆண்டவர் மாத்துவார்" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதை இந்த இயக்கம் பாவம் என்று கருதுகிறது. முதலில் அவள் பாதுகாப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு. பிறகுதான் சமாதானப் பேச்சு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கும் உரியது. 181 என்ற எண்ணை எங்கள் எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் எழுதி வைப்போம். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும் என்றது. மனைவிக்கோ கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிட்டது போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபித்தாக வேண்டும் என்றது. அதைத் திருத்த 2001 வரை ஆனது. திருமணம் முறியாத பந்தம் என்று நம்புகிறவர்கள் எங்களில் அநேகர். அந்த நம்பிக்கை அடிபடும் பெண்ணைப் பூட்டி வைக்கும் பூட்டாக ஆகக் கூடாது. பிரிந்து வாழ்பவர்களை இந்த இயக்கம் விரல் நீட்டிப் பேசாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தில் வரதட்சணை வாங்கவும் கொடுக்கவும் மாட்டோம்; "அவங்களா ஆசைப்பட்டுச் செய்யறாங்க" என்பதும் வரதட்சணைதான். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாதி பார்த்துப் பெண் கட்டுவது நம் சபைகளின் வெட்கக்கேடு. அதற்குத் துணை போக மாட்டோம். சம்பளம், ஏ.டி.எம். பின் நம்பர், அடகு வைத்த நகை, கைமாற்று, எல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் டிபன் பாக்ஸ் கழுவுவது யார் என்பதற்கு முதலில் வீட்டுக்கு வந்தவர் என்பதே பதில்.

உடம்பைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். ஆனால் வேதத்தில் உன்னதப்பாட்டு இருக்கிறது. ஆண் பெண் ஆசையை முழுப் புத்தகமாகவே வைத்திருக்கிறது. ஒரே அறை, நடுவில் பிள்ளைகள், ஒருவர் தூங்கும்போது ஒருவர் வேலையில் என்ற நிலையில் தொடுவதே மறந்துபோன தம்பதிகள் எங்களில் உண்டு. இது வெட்கப்பட வேண்டிய குற்றம் இல்லை, சேர்ந்து சரி செய்துகொள்ள வேண்டிய குறை. ஒருவர் விருப்பமின்றி மற்றவர் உரிமை கொண்டாடுவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்வு" மடலில் தெளிவாக மறுத்திருக்கிறார். நாங்களும் மறுக்கிறோம். குழந்தை இல்லாத தம்பதிகளை முன்னால் கூப்பிட்டு முழங்காலில் நிறுத்திச் சாட்சி எதிர்பார்ப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி சபைகளைக் கேட்கிறோம். அவர்கள் இல்லறம் ஏற்கெனவே முழுமையானது.

கடைசியாகக் கம்பெனி. இதெல்லாம் ஆன்மிக இயக்கத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள், இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனைப் படைக்கும் அனுப்பாதே, வேறு வேலையும் சுமத்தாதே, ஒரு வருஷம் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்கிறது மோசேயின் சட்டம். ஆயிரக்கணக்கான வருஷப் பழைமையான சமூகத்துக்கு இருந்த யோசனை ஷிப்ட் சார்ட் போடுகிறவர்களுக்கு ஏன் இல்லை? 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஓய்வும், குடும்பம் நடத்தப் போதுமான கூலியும் உரிமை என்று நிலைநாட்டினார். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மடலும் ஒரு காரணம்.

2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி வரை நீட்ட வழி செய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த எதிர்ப்பில் சபைகளின் குரல் போதிய அளவு கேட்கவில்லை. 12 மணி வேலையும் போக வர 2 மணியும் தூக்கத்துக்கு 7 மணியும் போனால், மிச்சம் 3 மணிக்குள்தான் சமையல், குளியல், பிள்ளைகள், ஆண்டவர், பெண்டாட்டி எல்லாம். வேலை நேரம் கல்யாண விஷயம் என்பதைச் சபைகள் இனியாவது பேச வேண்டும். நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. கணவனும் மனைவியும் இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்தால், வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும், மாதத்தில் ஒரு வார விடுப்பாவது இருவருக்கும் ஒரே நாளில் வரட்டும். கல்யாணமான முதல் வருஷத்தில் தொடர்ந்து நைட் ஷிப்ட் போடாதீர்கள். ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்கிறவரை அடுத்த மாதம் பழிவாங்காதீர்கள். ஓவர்டைம் பணம் இல்லாமல் வண்டி டியூ கட்ட முடியாது என்று எங்களிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடி ஜெயிக்க எங்களால் முடியவில்லை. சம்பளம் உயராமல் முடியவும் முடியாது.

இந்த வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலுக்கு 500 ஆண்டு வரலாறு சொல்கிறார்கள். அந்த அலையோரத்து மீனவத் தம்பதிகளுக்கும், கும்மிடிப்பூண்டி முகாமில் ஒற்றை அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தும் ஈழத்துத் தம்பதிகளுக்கும் இங்கே இடம் உண்டு. மனைவி ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ இருக்க, இங்கே பத்துப் பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தோழர்கள் வீடியோ காலில் தங்கள் ஒரு மணியை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் அறையை விட்டு வெளியே இருப்பது தோழமைக் கடமை. துணைவர் வேறு மதத்தவர் என்றால் இருவருமே வரலாம், யாரையும் மாற்றுவதற்காக அழைக்கவில்லை. துணையை இழந்தவர்கள் எங்களுக்கு வேண்டும். இருந்தபோது பேசாமல் விட்டது எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இயக்கத்துக்குத் தலைவர் கிடையாது; பொறுப்புத் தம்பதி உண்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே தம்பதி இருக்கக் கூடாது. சந்தா கிடையாது, டீச் செலவை வந்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். நைட் ஷிப்ட்காரர்களுக்காகக் காலை 8 மணிக்கு ஒரு கூட்டம், டே ஷிப்ட்காரர்களுக்காக இரவு 8 மணிக்கு ஒரு கூட்டம், இரண்டிலும் ஒரே பாடம். கூட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது. வாட்ஸப் ஸ்டேட்டஸில் தம்பதி ஃபோட்டோ போடுவது கட்டாயமில்லை, போடாமல் இருந்தால் நல்லது. கூட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை இந்த மாதம் ஆண்களுக்கு.

இந்தப் பிரகடனத்தின் கீழ் கையெழுத்திடுவோர் இருவரும் தனித்தனியே, அவரவர் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் பெயரை எழுதி "மற்றும் குடும்பத்தினர்" என்று முடிக்கும் கையெழுத்து செல்லாது. ஷிப்ட் காரணமாக இருவரும் ஒன்றாக வர முடியாவிட்டால் ஒருவர் இன்று போடலாம், மற்றவருக்காகத் தாள் ஒரு வாரம் காத்திருக்கும்.